மூன்று வினாடி போதும்

ஒரு விடுகதை போடுகிறேன் தம்பி. விடை சொல்லுங்கள், மேற்கொண்டு பேசலாம். ஒருவன் வேலைக்கு ஆள் அனுப்பினான். போனவன் நடக்கும் வரை அனுப்பியவன் நிற்பான். போனவன் நின்ற பிறகுதான் அனுப்பியவன் நடப்பான். அது என்ன?

ம்?

சரி, விடுங்கள். இல்லை, இப்போது சொல்ல வேண்டாம். நேரம் முடிந்துவிட்டது. ஜாவாவில் இரண்டு வருஷ அனுபவம் என்று விண்ணப்பத்தில் போட்டிருக்கிறீர்கள். இரண்டு வருஷம் ஜாவாவோடு இருந்தவருக்கு இதற்கு மூன்று வினாடிக்கு மேல் ஆகக் கூடாது.

நானே சொல்கிறேன். ஜாயின். மெயின் த்ரெட், அதாவது புரோகிராமின் தலைமை வேலையாள், ஒரு வேலையைப் பின்னணியில் ஓடுகிற இன்னொரு த்ரெட்டிடம் கொடுக்கிறது. கொடுத்துவிட்டு, அதன் பெயரைப் போட்டு ஜாயின் என்று ஒரு வரி எழுதினால், பின்னணி வேலை முடியும் வரை மெயின் அங்கேயே நிற்கும். அடுத்த வரிக்குப் போகாது. அரை வினாடி ஆனாலும் நிற்கும், அரை நாள் ஆனாலும் நிற்கும். அதற்கு வெட்கமே கிடையாது. அந்த ஒரு வரியால்தான் நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலி காலியானது. அதில் ரெஜினா என்று ஒரு பெண் இருந்தாள். திண்டுக்கல் பக்கம். இரண்டு வருஷம் இருந்தாள். அவளால்தான் என் மகள் இன்றைக்கு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

தலையை ஆட்டாதீர்கள். நான் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை.

எங்கள் சரக்கு என்ன என்று உங்களுக்குத் தெரியுமா? வாசிப்புமானி. ஈரோட்டைச் சுற்றிப் பதினொரு பள்ளிகளில் ஓடுகிறது. பிள்ளை மைக் முன்னால் உட்கார்ந்து நூற்றிருபது சொல் உள்ள ஒரு பத்தியை வாசிக்க வேண்டும். வாசித்து முடித்ததும் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். அந்தக் குரல் பதிவு பின்னணி த்ரெட்டுக்குப் போகும். அது ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு, சரி, சரி, தப்பு என்று எண்ணிக்கொண்டே போகும். மெயின் அந்த எண்ணிக்கையை எடுத்துத் திரையில் போடும். இவ்வளவுதான். பத்தி 'பொன்வண்டு'. நானே எழுதியது. பிள்ளைகள் தீப்பெட்டிக்குள் வைத்து இலை போடுமே, அந்தப் பொன்வண்டு.

இதில் ரெஜினா ஜாயின் போட்டிருந்தாள். பதிவு நீளமாக இருந்தால் எண்ணவும் நேரமாகும், அவ்வளவு நேரமும் திரை அப்படியே நிற்கும். கோபியில் ஒரு பள்ளியில் காட்டப் போனோம். நான் ஒரு கெட்டிக்காரப் பிள்ளையைக் கேட்டேன். தாளாளர் வேண்டுமென்றே கடைசி பெஞ்சுப் பெண்ணைக் கூட்டி வந்து உட்கார வைத்தார். அது எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி நாலரை நிமிஷம் வாசித்தது. பொத்தானை அழுத்தியது. திரை நின்றுவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... எட்டு வினாடி, தம்பி. எட்டு வினாடி ஒரு தாளாளர் முன்னால் நின்று பாருங்கள்.

"என்னுங்க சென்னியப்பன், உங்க மெஷின் தூங்கிப் போச்சுங்களா?" என்றார். "எழுப்பி விடுங்க, பள்ளிக்கூடத்துல தூங்கக் கூடாது."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண் கூடச் சிரித்தது. திரும்பி வரும்போது காரிலேயே ரெஜினாவிடம் சொல்லிவிட்டேன்.

"அந்த வரியைத் தூக்கும்மா."

"தூக்கினா சார், எண்ணி முடிக்கிறதுக்கு முன்னாடியே மார்க் வந்திரும். வேணும்னா 'காத்திருக்கவும்'னு திரையில ஒரு வரி போட்டிருவோம்."

"என் சாஃப்ட்வேர்ல அந்த வார்த்தையே வரக் கூடாது."

வேறு ஒருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார்கள். அவள் விடமாட்டாள். அவளிடம் ஒரு கெட்ட குணம். யார் பேசினாலும் கடைசி வரை கேட்பாள். பள்ளிகளிலிருந்து போன் வந்தால், எதிர்முனையில் இருப்பவர் மொத்தப் புலம்பலையும் கொட்டி முடிக்கும் வரை 'சரிங்க' என்று கூட இடையில் சொல்ல மாட்டாள். ஒரு வேலைக்காரிக்கு இது உதவுமா? பேச ஆரம்பித்த பாதியிலேயே விஷயம் புரிந்துவிட வேண்டும். எனக்குப் புரிந்துவிடும்.

அந்த வரியை நானே எடுத்தேன். எடுத்த இடத்தில் ஸ்லீப் மூவாயிரம் என்று போட்டேன். மூவாயிரம் மில்லி வினாடி. மூன்று வினாடி. மெயின் மூன்று வினாடி தூங்கும், எழுந்து பார்க்கும், அதுவரை எவ்வளவு எண்ணியிருக்கிறதோ அதை எடுத்துத் திரையில் போடும். சுத்தமான வேலை. நானே வாசித்துப் பரிசோதித்தேன். ஐம்பது வினாடியில் பொன்வண்டை முடித்துவிடுவேன். நூற்றிருபதுக்கு நூற்றிருபது. பத்துத் தடவை வாசித்தேன், பத்துத் தடவையும் நூற்றிருபது.

"உங்க குரலுக்குச் சரி சார்" என்றாள். "மூணு வினாடில முடியலைன்னா?"

"முடியும்."

"முடியலைன்னா?"

"மூணு வினாடி எவனுக்கும் போதும்மா."

அவள் திரும்பித் தன் மேஜைக்குப் போய்விட்டாள். அது எனக்குப் பிடித்திருந்தது.

இப்போது என் மகளுக்கு வருகிறேன். அமிழ்தினி. ஆறாம் வகுப்பு. ஒரே பிள்ளை. அவளுக்குத் திக்குவாய் என்று சிலர் சொல்வார்கள். உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவள் யோசித்துப் பேசுகிற பிள்ளை. சில எழுத்துகளில், முக்கியமாக 'ப'வில், கொஞ்சம் நின்று யோசிப்பாள். அவள் என்ன சொல்ல வருகிறாள் என்று எனக்கு முதல் எழுத்திலேயே தெரிந்துவிடும், நானே சொல்லி முடித்துவிடுவேன். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான் உதவி வருகிறேன். 'ப' என்றால் பால். 'க' என்றால் கதவைத் திறக்க வேண்டும். தொண்ணூறு சதவீதம் சரியாக இருக்கும். மீதிப் பத்துக்கு அவளே சரி என்று விட்டுவிடுவாள். அவ்வளவு ஒத்துப்போகிற பிள்ளை.

அவள் படிக்கிற பள்ளியும் இந்த ஜூனில் வாசிப்புமானி வாங்கியது. ஆறாம் வகுப்பில் நூற்றெட்டுப் பிள்ளைகள். ஏ, பி, சி என்று மூன்று பிரிவு. எந்தப் பிள்ளை எந்தப் பிரிவு என்பதை வாசிப்புமானியே சொல்லட்டும் என்று தலைமையாசிரியை முடிவு செய்தார். எனக்கு எவ்வளவு பெருமை என்று நினைக்கிறீர்கள்? என் மெஷின், என் பத்தி, என் மகள். ஏ பிரிவுப் பிள்ளைகளைத்தான் வெளிப் போட்டிகளுக்கு அனுப்புவார்கள். ஏ பிரிவுக்குத்தான் மூத்த ஆசிரியர்கள் வருவார்கள். சி பிரிவு என்றால் படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற அறை.

அமிழ்தினிக்கு முப்பத்து நான்கு.

நூற்றிருபதுக்கு முப்பத்து நான்கு. 'தொடக்க நிலை. சி பிரிவு.' என் மெஷின் அச்சடித்த சீட்டை என் மகள் கொண்டுவந்து என் கையில் கொடுக்கிறாள்.

"என்ன கண்ணு இது? படிக்கலையா?"

"ப... ப..."

"படிச்சேங்குறியா? படிச்சிருந்தா மார்க்கு வந்திருக்குமே."

"இ... இல்லப்பா, நா..."

"இல்லையா? அப்பப் படிக்கல. அதானே?"

அடுப்படியிலிருந்து என் மனைவி கோகிலா எட்டிப் பார்த்தாள். "அவ சொல்லி முடிக்கட்டுமேங்க."

"முடிச்சுட்டாளே. அதான் இல்லேங்குறாள்ல?"

அமிழ்தினி உள்ளே போய்விட்டாள். தப்பை ஒப்புக்கொண்டால் போய்விடுவதுதானே வழக்கம்.

ஆனால் எனக்குள் ஒரு சந்தேகம். பிள்ளை வீட்டில் எனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். பொன்வண்டு பத்தியையே காட்டியிருக்கிறாள். முதல் இரண்டு வரி ஒரு தப்பு இல்லாமல் வாசித்தாள். மீதியை நான் வாசித்தேன். அப்படிப்பட்ட பிள்ளைக்கு முப்பத்து நான்கு வருமா? மறுநாள் ரெஜினாவைக் கூப்பிட்டேன். பள்ளியிலிருந்து பதிவுகளையெல்லாம் இறக்கச் சொன்னேன். அமிழ்தினி பதிவைப் போடச் சொன்னேன். திரையில் நீளம் காட்டியது: ஆறு நிமிஷம், பத்து வினாடி.

கேட்க ஆரம்பித்தோம். "பொ... பொ... பொ..." நான் ஒரு நிமிஷம் முழுதாகக் கேட்டேன், தம்பி. குறித்துக்கொள்ளுங்கள், ஒரு நிமிஷம். பிறகு பெருந்துறையில் ஒரு தாளாளருக்குப் போன் பேச வேண்டியிருந்தது. வெளியே போய்விட்டேன். பேசிவிட்டு உள்ளே வந்தால், இவள் இன்னும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். முடித்துக் கழற்றினாள்.

"ஒரு சொல் கூட விடல சார். நூத்தி இருபதும் சரி."

"அப்ப முப்பத்து நாலு எப்படி வந்துச்சு?"

"இவ்வளவு நீளப் பதிவை எண்ணி முடிக்கப் பத்தரை வினாடி ஆகுது. நம்ம மெயின் மூணு வினாடில எழுந்திரிச்சிருது. அதுக்குள்ள முப்பத்து நாலு சொல்லுதான் எண்ணியிருக்கு. அதை எடுத்துப் போட்டிருச்சு. மெஷின் அப்புறமும் எண்ணிக்கிட்டேதான் சார் இருந்திருக்கு. யாரும் பாக்கல."

இப்படிச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வருத்தமாம். என் மகளுக்காக இவளுக்கு வருத்தம்!

"சரி. மெஷினை வேகமாக்கு."

"ஜாயின் போட்டாப் போதும் சார்."

"ஆறு நிமிஷம் ஒரு பிள்ளை வாசிச்சா எவம்மா உக்காந்து கேப்பான்?"

"நான் இப்பக் கேட்டேனே சார்."

திமிர். கேட்டீர்களா? இதற்குப் பேர் திமிர். ஆனாலும் நான் நிதானமாகத்தான் சொன்னேன். அமிழ்தினிக்கு நூற்றிருபது என்று மாற்று, பள்ளிக்கு நான் போன் பண்ணிக்கொள்கிறேன் என்றேன். இரண்டு நிமிஷ வேலை. அதைச் செய்திருந்தால் இன்றைக்கு அவளும் இங்கே இருந்திருப்பாள், என் மகளும் ஏ பிரிவில் இருந்திருப்பாள். அவள் என்ன செய்தாள் தெரியுமா? நூற்றெட்டுப் பதிவையும் ஜாயின் போட்டு மறுபடி எண்ண விட்டாள். சாயங்காலம் ஒரு பட்டியலோடு என் மேஜைக்கு வந்தாள்.

"சார், பாப்பா மட்டும் இல்ல. மெதுவா வாசிக்கிற பிள்ளைங்க மொத்தம் பதினேழு பேரு தப்பான பிரிவுல இருக்காங்க."

"அமிழ்தினி மார்க்கை மட்டும் மாத்து."

"மத்த பதினாறு பேரு சார்?"

"அவங்க அப்பனுங்க சாஃப்ட்வேர் கம்பெனியா வெச்சிருக்கானுங்க?"

"மாத்துனா பதினேழையும் மாத்துறேன். இல்லைன்னா ஒண்ணையும் மாத்தல."

பதினேழையும் மாற்றினால் என்ன அர்த்தம்? மெஷினே தப்பு என்று அர்த்தம். மீதிப் பத்துப் பள்ளிக்காரனும் என்ன கேட்பான்? ஒரு பிள்ளைக்கு மாற்றினால் அது எழுத்துப் பிழை. பதினேழு பிள்ளைக்கு மாற்றினால் அது செய்தி. இந்தச் சின்னக் கணக்கு அவளுக்குப் புரியவில்லை. "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றேன். அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். கதவைக் காட்டினேன்.

மறுநாள் காலையில் அவள் எங்கே போனாள் என்று நினைக்கிறீர்கள்? வேறு வேலை தேடியா? நேராகப் பள்ளிக்கூடத்துக்கு. தலைமையாசிரியை மேஜை மேல் பதினேழு பெயரையும் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். எங்கள் ஆபீசுக்குள் முடிய வேண்டிய விஷயம். நன்றி என்பது கிடையாதா? இரண்டு வருஷம் என் கூரைக்குக் கீழே உட்கார்ந்தவள்!

தலைமையாசிரியை ஒரு மாதிரியான அம்மா. மெஷினும் வேண்டாம், யார் பட்டியலும் வேண்டாம், பதினேழு பதிவையும் எங்கள் ஆசிரியர்களே காதால் கேட்கட்டும் என்றுவிட்டார். கேட்கட்டும். ஆனால் எப்போது? மாதாந்திரத் தேர்வு, விளையாட்டு விழா, காலாண்டுத் தேர்வு என்று செப்டம்பர் வரை இழுத்தார்கள். மூன்று மாதம். மூன்று மாதம் என் மகள் படிக்கட்டுக்குக் கீழே.

நான் சும்மா இருக்கவில்லை. ஆகஸ்டில் ஒரு நாள் காலையில், சி பிரிவில் என்னதான் நடக்கிறது என்று பார்க்கப் போனேன். ஜன்னலுக்கு வெளியே நின்றேன். அருள்செல்வி என்று ஒரு டீச்சர். சின்ன வயசு. மேஜையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என் மகள் முன்னால் நின்று வருகைப் பதிவேட்டை வாசிக்கிறாள். டீச்சர் செய்ய வேண்டிய வேலை! முப்பத்தாறு பெயர். ஒவ்வொரு பெயராக. ஒரு பையன், பழனிவேல். அவன் பெயர் வந்தது. "ப... ப... ப..." பையன் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுவிட்டான். தன் பெயர்தான் என்று அவனுக்கே தெரிகிறது. 'உள்ளேன் டீச்சர்' என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? வாயைத் திறக்காமல் நிற்கிறான். வகுப்பே நிற்கிறது. ஒருவன் கூட எடுத்துக்கொடுக்கவில்லை. சிரிக்கவும் இல்லை, அவ்வளவு மந்தம். அவள் 'பழனிவேல்' என்று முழுதாகச் சொல்லி முடித்த பிறகுதான் "உள்ளேன்" என்கிறான். நான் ஜன்னல் வழியாகவே சொல்லிவிட்டேன், "பழனிவேல்னு சொல்லு கண்ணு" என்று. அதற்குள் அவள் அடுத்த பெயருக்குப் போயிருந்தாள். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

டீச்சர் வெளியே வந்தார்.

"பேரு முடியாம யாரும் உள்ளேன் சொல்லக் கூடாதுங்க சார். எங்க வகுப்புல அப்படி ஒரு பழக்கம்."

"இதுக்குப் பதினைஞ்சு நிமிஷம் ஆகுதே, பாடம் எப்ப நடத்துவீங்க?"

"மீதி நேரத்துல நடத்துறேங்க."

எழுதிப் புகார் கொடுத்தேன். பாடம் நடத்தத் தெரியாத டீச்சர், பிள்ளைகளை வைத்து நேரத்தை ஓட்டுகிறார் என்று. அது என்ன ஆனது என்று இன்று வரை பதில் இல்லை.

நீங்கள் ஏதோ கேட்க வருகிறீர்கள். தெரியும். மெஷின் இப்போது எப்படி ஓடுகிறது என்றுதானே? அதைச் சரி செய்துவிட்டேன். யார் பேச்சையும் கேட்டு அல்ல, நானாகவே. மூவாயிரம் என்று இருந்ததை ஐயாயிரம் ஆக்கிவிட்டேன். ஐந்து வினாடி. ஒரு பிள்ளைக்கு ஐந்து வினாடி கொடுக்கிற கம்பெனி தமிழ்நாட்டில் வேறு எது? உங்களுக்கு இந்த வேலை வேண்டுமென்றால் அந்த வரியில் கை வைக்கக் கூடாது. வேறு எந்த வரியில் வேண்டுமானாலும் வையுங்கள்.

அது இல்லையா? பிறகு? ஓ, மகள் என்ன ஆனாள் என்றா?

செப்டம்பர் கடைசியில் கூப்பிட்டார்கள். பதினேழு பேர் பெற்றோரையும் ஒவ்வொருவராக. தலைமையாசிரியை அறைக்குள் நானும் அமிழ்தினியும் போனோம். அருள்செல்வி டீச்சரும் இருந்தார். காரில் வரும்போதே நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். கேட்டால் 'ஏ' என்று சொல்லு, ஒரே எழுத்து, மூச்சு விடுகிற நேரம் கூட ஆகாது என்று. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சரி என்றுதான் அர்த்தம்.

"நாலு ஆசிரியருங்க கேட்டோம்" என்றார் தலைமையாசிரியை. "நூத்தி இருபதுக்கு நூத்தி இருபது. எங்க மேலயும் தப்பு, மெஷினை நம்பினோம். அமிழ்தினி ஏ பிரிவுக்குப் போகலாம். ஆனா மூணு மாசம் ஒரு வகுப்புல இருந்துட்டதால, பிள்ளைங்களையே கேட்டு முடிவு பண்றதுன்னு வெச்சிருக்கோம்."

"அதுல கேக்க என்னங்க இருக்கு? ஏ தான்" என்றேன்.

"சார், நீங்க கொஞ்சம் பேசாம இருங்க. நான் பாப்பாவைக் கேக்கறேன்."

"அவ சொல்றதுக்கு நேரமாகும்ங்க. அவ மனசுல இருக்கிறது எனக்குத் தெரியும்..."

"ஆகட்டும் சார்."

என் பிள்ளை விஷயத்தில் என்னைப் பேசாமல் இருக்கச் சொல்கிறார்! நான் கட்டிய ஃபீஸில் ஓடுகிற பள்ளிக்கூடம். வெளியே அடுத்த பெற்றோர் வேறு காத்திருக்கிறார்கள். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் மகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டீச்சரும் அப்படியே. அமிழ்தினி ஆரம்பித்தாள். முதல் சொல் 'நான்'. அது வந்தது. அதற்குப் பிறகு நின்றது. நான் வாயைத் திறந்தேன். தலைமையாசிரியை என் பக்கம் கையைத் தூக்கினார், போக்குவரத்துப் போலீஸ் மாதிரி. நினைத்துப் பாருங்கள், தம்பி. சொந்த மகள் பக்கத்தில் நிற்கிறாள், என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. இதையெல்லாம் யார் தொடங்கி வைத்தது? ரெஜினாதான்.

அமிழ்தினி சொல்லி முடித்தாள். சி பிரிவிலேயே இருக்கிறேன் என்றாள்.